ராயப்பன் எடுத்த தோல் துண்டு

விண்ணப்பம் செய்துகொள்பவன்:
கு. இருதயராஜ் (ஞானஸ்நானத்துக்கு முன் பெயர் கன்னியப்பன்), வயது 48,
தோல் ஷாப் கூலி, சுண்ணாம்புக் குழி வேலை,
லைன் வீடு நம்பர் 14, ஆற்றங்கரை லைன்,
ஆம்பூர்.

சமூகம்:
வட ஆற்காடு ஜில்லா கலெக்டரும் ஜில்லா மாஜிஸ்திரேட்டுமாகிய துரை அவர்கள்,
வேலூர்.

சங்கதி: என் இளைய மகன் ராயப்பன், வயது 19, ஷாப் தோல் துண்டு ஒன்றை எடுத்த குற்றத்துக்காக மூன்று மாதக் கடுங்காவலில் வேலூர் ஜெயிலில் இருப்பது, அந்தக் குற்றத்தில் எனக்குள்ள பங்கு கோர்ட்டில் பதியப்படாமல் போனது, அதைப் பதிந்துகொண்டு தண்டனையை மாற்றும்படி கேட்பது.

கனம் பொருந்திய துரை அவர்களே,

இந்த மனுவை என் கையாலேயே எழுதுகிறேன். முதலில் மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவரிடம்தான் போனேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பந்து சமாசாரமெல்லாம் கலெக்டருக்கு இன்னாத்துக்குய்யா? ஏழை, தெரியாம செஞ்சுட்டான், மன்னிச்சுடுங்கன்னு நாலு வரி போட்டா போதும்" என்றார். நாலு வரியில் இது அடங்காது என்றேன். அப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றார். மிஷன் இராப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்த எழுத்து எனக்கு இருக்கிறது. கோணல்மாணலாக இருந்தால் சமூகம் பொறுத்தருள வேண்டும். சொல்லும் விஷயத்தில் கோணல் இல்லை.

1. நாங்கள் ஆம்பூருக்குச் சொந்தக்காரர்கள் அல்ல. எங்கள் ஊர் ஒடுகத்தூருக்கு மேற்கே மலையடிவாரம். மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலைக்குத் தோல் சால் தைத்துக் கொடுப்பது என் தகப்பனார் தொழில். பிறகு என் தொழில். மழை பொய்த்து இரண்டு வருஷம் கிணறுகள் காய்ந்தன. தண்ணீரில்லாத கிணற்றுக்குச் சால் யார் கேட்பார்? 1919-ம் வருஷம் நான், என் சம்சாரம் சவுரியம்மாள், மகன்கள் சூசை, ராயப்பன் ஆகிய நான்கு பேரும் நடந்தே ஆம்பூர் வந்தோம். நான் தோல் பதனிடும் ஷாப்பில் சேர்ந்தேன். அப்போது சூசைக்கு வயது பத்து, ராயப்பனுக்கு ஆறு. பையன்கள் இருவரும் வளர்ந்து அதே ஷாப்பில் வேலைக்கு வந்தார்கள்.

2. எங்கள் லைனில் நாற்பது வீடு. அதில் ஒரு வீடும் உள்ளூர்க்காரர் வீடு அல்ல. அணைக்கட்டுப் பக்கத்தவர், ஒடுகத்தூர்ப் பக்கத்தவர், பலமநேரிலிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு வந்தவர்கள் என்று எல்லாரும் பிழைக்க வந்தவர்கள். பிழைக்க வந்தவன் கூழைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டியதுதானே, அவனுக்கு ஆட்டம் ஒரு கேடா என்று கோர்ட் வாசலில் ஒரு பெரிய மனிதர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைச் சமூகத்துக்கு எழுதுகிறேன். அவகாசம் இல்லாவிட்டால் சமூகம் ஆறாவது பாராவிலிருந்து படிக்கலாம்.

3. ஊரில் எங்கள் ஆட்டம் சடுகுடு. காசு வேண்டாம், சாமான் வேண்டாம், மூச்சு இருந்தால் போதும். இங்கே வந்து அதை விட்டோம். காரணம் சுண்ணாம்பு. குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறவனுக்கு முழங்கை வரை கையும் முழங்கால் வரை காலும் வெந்திருக்கும். அந்தக் காலை ஒருவன் கட்டிப் பிடித்து இழுத்தால் பிடித்தவன் கையோடு மேல்தோல் உரிந்து வரும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு ஆடிப் பார்த்தார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கோடு கிழிக்க ஒருவரும் வரவில்லை. பலமநேர்க்காரர்கள் கிட்டிப்புள் ஆடினார்கள். லைன் சந்து எட்டடி அகலம். புள் பறந்து போய் ஒரு வீட்டுக் குழம்புச் சட்டியை உடைத்து, பெண்டுகளுக்குள் சண்டை மூண்டு, தமிழில் ஒருத்தியும் தெலுங்கில் ஒருத்தியும் சாயங்காலம் வரை வைதார்கள். அதுவும் நின்றது.

4. ஸ்டேஷனுக்கு அப்பால் ஒரு கிளப் மைதானம் இருக்கிறது. புல் வெட்டி, தண்ணீர் தெளித்து, சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள். முதலாளிமார் வீட்டுப் பிள்ளைகளும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களும் அங்கே கிரிக்கெட் ஆடுவார்கள். சூசை கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்பான். பந்து கயிற்றைத் தாண்டி வந்தால் எடுத்து எறிவான். ஒருமுறை அவன் எறிந்த எறிக்கு ரஷீத் அஹமது என்னும் சாயபு வீட்டுப் பிள்ளை "ஷாபாஷ்!" என்றாராம். அந்த ஒரு வார்த்தையை ஒரு மாதம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு மட்டையின் விலையை விசாரித்து வந்து பேச்சை நிறுத்திவிட்டான். எங்கள் வீட்டில் மூன்று பேர் பத்து நாள் குழியில் நின்றால் ஒரு மட்டை. மட்டை வாங்கினாலும் வெள்ளைக் கால்சட்டை வேண்டும், சப்பாத்து வேண்டும், கிளப்பில் சேர ஒரு மெம்பரின் சிபாரிசு வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்றை வயிற்றைக் கட்டிச் செய்யலாம். எல்லாவற்றையும் செய்ய எத்தனை வயிற்றைக் கட்டுவது? ஹாக்கிக்கு, கருவேல மரத்தில் வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டி மட்டை செய்தார்கள். மட்டை நன்றாகவே அமைந்தது. ஆட இடம் அமையவில்லை. எங்களை யாரும் விரட்டாத இடம் பாலாற்று மணல் ஒன்றுதான். மணலில் ஹாக்கிப் பந்து உருளாது.

மணலில் ஆடக்கூடியது கால்பந்து. வெறுங்கால்தான் அதற்கு நல்லது, விழுந்தால் அடிபடாது, இருபத்திரண்டு பேருக்கு ஒரே பந்து போதும். ஒருவரை ஒருவர் கட்டிப் பிடிக்க வேண்டியதும் இல்லை. இதனால் நாங்கள் எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. குடியாத்தத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள், எங்கள் பானையில் தண்ணீர் குடிக்காதவர்கள், பந்தைத்தானே தொடுகிறோம் என்று வருஷம் ஒரு தடவை வந்து எங்கள் பிள்ளைகளோடு ஆடினார்கள். நந்தகோபால் என்பவர் அவர்கள் காப்டன். ரயிலில் நாங்கள் ஏறினால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்காருவார்கள். ஆற்று மணலில் சாயங்கால வெயிலில் எல்லார் மேலும் ஒரே வியர்வை நாற்றம். எங்கள் பிள்ளைகள் கால்பந்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. மற்ற ஆட்டங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்து போய் இது மிஞ்சியது. மிஞ்சியதன் மேல் உயிரை வைத்துவிட்டார்கள்.

5. கடைப் பந்து மெட்ராஸிலிருந்து வர வேண்டும். ஒன்பது ரூபாய். மணல் தேய்த்தால் ஆறு மாதம் தாங்காது. சூசை ஒரு கிழிந்த பந்தை எங்கிருந்தோ கொண்டுவந்து என் முன்னால் போட்டு, "சாலு தைக்கிற கைதானேப்பா, இதைத் தைக்க முடியாதா?" என்றான். பிரித்துப் பார்த்தேன். பந்து என்பது தோல், தையல், உள்ளே காற்று. தையல் என்னிடம் இருந்தது. கசாப்புக்கடையில் மாட்டு மூத்திரப்பை சும்மா கிடைத்தது. அதை ஊதிக் கட்டி உள்ளே வைத்தால் காற்றும் ஆயிற்று. தோல்தான் சிக்கல். மரப்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகிவிட்ட தோல் ஒரு விரல் அகலம்கூட ஷாப்பை விட்டு வெளியே போகக் கூடாது. கேட்டில் நிறுத்தி மடியைப் பார்த்துத்தான் விடுவார்கள். பதப்படாத பச்சைத் தோலில் கழித்த ஓரம், கால் துண்டு, கழுத்துத் துண்டு எல்லாம் குப்பை. அதைக் கூடை கூடையாக அள்ளிப் போனாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள், அப்பாடா ஒழிந்தது என்பார்கள். நான் அதைத்தான் எடுத்து வந்தேன். வீட்டுச் சுண்ணாம்புப் பானையில் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, துண்டு போட்டுத் தைத்தேன். ஒன்பது வருஷத்தில் பதினாறு பந்து தைத்திருக்கிறேன். கனம் கொஞ்சம் ஜாஸ்தி. வட்டமும் சுமார். காய்ந்தால் கல்லாகிவிடும் என்று ஆடுமுன் ஆற்று ஊற்றில் நனைத்துக்கொள்வார்கள். பூசணிக்காய் வந்துவிட்டது என்று குடியாத்தம் பிள்ளைகள் கேலி செய்வார்கள். தோற்றுவிட்டுப் போகும்போது பூசணிக்காயைப் பற்றிப் பேசமாட்டார்கள். அந்த நாட்களில் எனக்கு அதில் மிகுந்த பெருமை என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

6. என் முதல் தவறு இங்கே இருக்கிறது. ஊரிலும் நான் சரியாகப் பதப்படாத தோலில்தான் சால் தைத்தேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஏனென்றால் ஊரில் கையில் இருக்கும் தோல் எந்த மாட்டினுடையது என்று எனக்குத் தெரியும். யார் வீட்டு மாடு, எத்தனை நாள் படுத்திருந்தது, என்ன சீக்கு என்று தெரியும். முந்தின நாள் மேய்ந்த மாடு ஒரே இரவில் வீங்கி விழுந்து மூக்கில் கறுப்பாக ரத்தம் வந்தால் அது அடைப்பான் நோய். அந்த மாட்டில் கத்தி வைக்கமாட்டோம். தோலோடு ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு கொட்டி மூடிவிடுவோம். இதை எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. ஷாப்புக்கு வரும் தோல் கூட்ஸ் வண்டியில் கட்டுக் கட்டாக வருகிறது. எந்தத் தேசத்து மாடு, எப்படிச் செத்தது என்று அதில் எழுதியில்லை. பதிமூன்று வருஷம் அந்தக் கட்டுகளைப் பிரித்திருக்கிறேன். ஒரு நாளாவது இது எந்த மாடு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஊரில் பழகிய கை இங்கேயும் ஊரில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு தைத்தது.

7. இந்த வருஷம் ஏப்ரல் மாதம் 3-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை பதினாறாவது பந்தை ஆடினார்கள். சூசை பின்னால் நின்று கோல் விழாமல் தடுப்பவர்களில் ஒருவன். உயரமாக வரும் பந்தை நெற்றியால் முட்டித் திருப்புவதில் அவனுக்கு ஈடு கிடையாது. தையல் முடிச்சு உரசி நெற்றியில் சின்னக் கீறல் விழுந்தது. புதன்கிழமை அந்த இடத்தில் கொப்புளம். வியாழக்கிழமை அதன் நடுவில் கறுத்தது. "வலிக்குதாடா?" என்று சவுரியம்மாள் கேட்டாள். "வலியே இல்லம்மா, கொஞ்சம் அரிக்குது, அவ்ளோதான்" என்றான். வலி இல்லை என்றதால் சும்மா இருந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண் இரண்டும் மூடிக்கொள்ளும் அளவுக்கு முகம் வீங்கிவிட்டது. அப்போதுதான் அந்தக் கறுப்பைக் கிட்டத்தில் பார்த்தேன். மாட்டில் நான் பார்த்த கறுப்பு. விடிந்ததும் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஸ்டேஷனில் பெஞ்சில் படுக்கவைத்து வண்டிக்காகக் காத்திருந்தோம். வண்டி வந்தது. அவனை ஏற்ற வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. 9-ந் தேதி, சனிக்கிழமை, காலை பத்தேகால் மணி. அவன் வயது 23.

8. பார்க்க வந்த டாக்டர் பந்து எங்கே என்று கேட்டுக் கொளுத்தச் சொன்னார். நானே கொளுத்தினேன். உள்ளிருந்த பை வெடித்த சத்தத்தில் பெண்டுகள் துள்ளி விழுந்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று தொடங்கி எனக்கு எதுவும் சரியாக உறைப்பதில்லை. சுண்ணாம்பு காலைச் சுட்டுவிட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். வேலைக்குப் போகிறேன், வருகிறேன். சோறு வைத்தால் சாப்பிடுகிறேன், வைக்காவிட்டால் கேட்பதில்லை. பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவன் இன்னும் ஒரு சொட்டு அழவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது.

9. ஆகஸ்டு மாதம் குடியாத்தத்திலிருந்து நந்தகோபால் ஒரு கார்டு போட்டார். அக்டோபரில் வழக்கம்போல் வருகிறோம், இந்தத் தடவை சூசை பேரால் ஆடலாம் என்று எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதினார். கார்டை எடுத்துக்கொண்டு லைன் பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்தார்கள். ராயப்பன் எல்லாருக்கும் முன்னால் நின்றான். பந்து வேண்டும் என்றான். "பச்சைத் தோலை இந்தக் கையால இனிமே தொடமாட்டேன். பதமான தோலு கொண்டாந்தா தைக்கிறேன். இல்லாட்டி பந்து கிந்து எல்லாத்தையும் தலைமுழுகிடு" என்றேன். பதமான தோல் கிடைக்காது என்று தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன். ஆட்டம் ஒழியட்டும் என்பது என் எண்ணம். அவன் அதில் பாதியைத்தான் காதில் வாங்கினான். ஏப்ரலுக்குப் பிறகு நான் அவனிடம் ஒரு வாக்கியம் முழுசாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதிலும் தைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. அதை நான் கண்டும் காணாதவன்போல இருந்துவிட்டேன். இது என் இரண்டாவது தவறு. சமூகம் கவனிக்க வேண்டிய தவறும் இதுதான்.

10. ராயப்பன் எடுத்த எடுப்பில் களவுக்குப் போகவில்லை. முதலில் எங்கள் மேஸ்திரி ஆபித் பாஷாவிடம் போய், கழித்துப் போட்ட துண்டு ஒன்றை விலைக்குக் கொடுக்கச் சொன்னான். ஆபித் பாஷா, சூசையின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். ஆபீஸில் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். துண்டுகள் எடை போட்டு மொத்தமாக மெட்ராஸுக்குப் போகின்றன, சில்லறையாகக் கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். "என் கையில இருந்தா குடுக்கமாட்டேனா பேட்டா? ஷாப் ரூல் அப்படி. ஜாஸ்தி பேஜார் பண்ணாதே, மேல கேட்டா உன் வேலைக்குத்தான் வம்பு" என்று அவனிடம் சொல்லியிருக்கிறார். பிறகு கிளப்புக்கு எழுதினான். பழைய பந்து ஏதாவது, காற்றுப் போனதானாலும் பரவாயில்லை, கொடுத்தால் தைத்துக்கொள்கிறோம் என்று கேட்டான். மூன்று வாரம் கழித்து, மெம்பர் அல்லாதவர்களுக்கு ஆட்டச் சாமான்கள் கொடுக்கப்படுவதில்லை என்று பதில் வந்தது. அந்தக் காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அவன் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தான் என்பதற்கு என்னிடம் உள்ள ருசு அது ஒன்றே.

11. செப்டம்பர் 12-ந் தேதி திங்கட்கிழமை வேலை விடும் நேரத்தில், கத்தி வெட்டு விழுந்து கழித்துப் போட்ட வயிற்றுப் பக்கத்துத் துண்டு ஒன்றை, ஒன்றரை முழம் இருக்கும், இடுப்பில் சுற்றி அதன் மேல் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். காய்ந்த தோல் நடக்கும்போது மொடமொடவென்று சத்தம் போடும் என்று ஈரத் துண்டாகப் பார்த்து எடுத்திருக்கிறான். களவு பழகியவன் செய்கிற காரியமா இது? பட்டைத் தண்ணீர் வேட்டியில் இறங்கி முன்பக்கம் முழுக்கச் சிவந்துவிட்டது. கேட்டில் மடி பார்க்கும் கிராணி ராமலிங்கம் பதறிப்போய், "அடப்பாவி, இன்னாடா இவ்ளோ ரத்தம்? எங்கடா கிழிச்சுக்கினே?" என்று தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். கைத்தாங்கலாக வீடு வரை கொண்டுவந்து விட்டிருப்பார். "ரத்தம் இல்லண்ணே, தோலு" என்றான் என் மகன். கூட வந்தவர்கள் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அதற்கு மேல் ராமலிங்கம் என்ன செய்வார்? அவருக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. அவர் பேரில் எனக்கு வருத்தம் இல்லை. ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று லாக்கப்பில் பார்த்தபோது ராயப்பனைக் கேட்டேன். அண்ணன் செத்த வருஷத்தில் ரத்தம் என்று பொய் சொல்ல நாக்கு எழவில்லை என்றான்.

12. 19-ந் தேதி கோர்ட்டில், எடுத்தாயா என்ற கேள்விக்கு எடுத்தேன் என்றான். எதற்கு என்ற கேள்விக்குப் பந்துக்கு என்றான். வாசல் பக்கம் நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். யார் சொல்லி எடுத்தாய் என்ற கேள்வி வரவில்லை. வந்திருந்தாலும் அவன் என் பெயரைச் சொல்லியிருக்கமாட்டான். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து, நான் சொல்லித்தான் எடுத்தான் என்று சொல்லியிருக்கலாம். எழுந்திருக்கவில்லை. பயம் என்றால் பயம்கூட இல்லை. யார் பிள்ளைக்கோ நடப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் என்று படித்ததும் சவுரியம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கி, "வாயைத் தொறய்யா, பேசுய்யா" என்றாள். அவள் உலுக்கியது எனக்குத் தெரிந்தது. வாய் திறக்கவில்லை.

13. இப்போது திறக்கிறேன். ஒன்பது வருஷம் அதே கேட் வழியாகப் பச்சைத் தோல் துண்டுகளைக் கூடையில் வைத்து எல்லாரும் பார்க்க எடுத்துப் போனேன். அதில் ஒன்று என் மூத்த மகனைக் கொன்றது. அன்று என்னை யாரும் தடுக்கவில்லை, இன்றும் யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. யாரையும் கொல்லாத ஒரு துண்டை என் இளைய மகன் எடுத்தான். அவன் ஜெயிலில் இருக்கிறான். ஷாப் சொத்து ஷாப்பினுடையது, அதை எடுத்தால் களவு என்பது எனக்குப் புரியாமல் இல்லை. கோர்ட்டார் பேரிலும் குறை சொல்ல வரவில்லை. எடுத்த கை ஒன்று, ஏவிய வாய் ஒன்று இருக்க, கைக்கு மட்டும் விலங்கு போட்டிருக்கிறது என்பதைத்தான் தெரிவித்துக்கொள்கிறேன்.

14. இந்த மாதம் 6-ந் தேதி நானும் சவுரியம்மாளும் அவனைப் பார்த்து வந்தோம். தலையை ஒட்ட வெட்டியிருந்ததால் நெற்றி பெரிதாகத் தெரிந்தது. "கிட்ட வா, நெத்தியைக் காட்டு" என்றாள் அவள். கம்பி அருகே குனிந்து காட்டினான். சுத்தமாக இருந்தது. கொடுத்த நேரம் முழுக்க இரண்டு பேரும் அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தோம். "நல்லாத்தான் கீறேன்மா, அழாதே" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, வெளியே வந்தால் லைனுக்கு வரமாட்டேன், நேராகக் கோலாருக்கு வண்டி ஏறிவிடுவேன், திருட்டுப் பட்டத்தோடு அந்தப் பிள்ளைகள் முகத்தில் விழிக்க முடியாது என்றான். கோலார்த் தங்கச் சுரங்கத்துக்கு எங்கள் லைனிலிருந்து இதுவரை ஐந்து பேர் போயிருக்கிறார்கள். ஒருவனும் திரும்பியதில்லை. இவன் விளையாட்டுக்குப் பேசுகிறவன் அல்ல, சொன்னால் செய்துவிடுவான். அவன் போய்விட்டால் சவுரியம்மாளுக்குப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை.

15. ஆகையால் சமூகத்தை நான் கேட்டுக்கொள்வதாவது: தோலைக் கொண்டுவரச் சொன்னவன் தகப்பனாகிய நான் என்பதைக் குற்றப் பதிவில் சேர்க்க வேண்டும். தகப்பன் பேச்சைத் தட்டாமல் செய்தான் என்று அவன் பெயருக்கு எதிரில் எழுதி, மீதி இரண்டு மாதச் சொச்சத்தை என் கணக்கில் போட வேண்டும். ஒருவன் தண்டனையை இன்னொருவன் வாங்கிக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று மனு எழுதுகிறவர் சிரித்தார். சட்டத்தில் இல்லாததைச் செய்யும் அதிகாரம் ஜில்லாவில் யாருக்காவது இருந்தால் அது சமூகத்துக்குத்தான் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. மற்ற லைன்களிலும் இப்போது பச்சைத் துண்டில் பந்து தைக்கிறார்கள். போய்ச் சொன்னேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர், "உன் புள்ள தலையெழுத்து, எங்க பந்து இன்னா பண்ணுச்சி?" என்றார்கள். பச்சைத் தோல் குப்பையைக் கேட்டுக்கு வெளியே விடக் கூடாது என்று எல்லா ஷாப்புகளுக்கும் ஓர் உத்தரவு போனால் கேட்பார்கள். அதோடு ஆட்டத்தை அடியோடு தடுத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரல் மாதம் என்னைக் கேட்டிருந்தால் தடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

16. வருகிற 17-ந் தேதி திங்கட்கிழமை காலை வண்டியில் வேலூர் வருகிறேன். சமூகத்தின் கச்சேரி வாசலில் இருப்பேன். ஷாப்பில் என் பெயரை எடுத்துவிடும்படி ஆபித் பாஷாவிடம் சொல்லியாயிற்று. மாற்று வேட்டி ஒன்று கொண்டு வருகிறேன். சேவகர் ஒருவர் வெளியே வந்து இருதயராஜ் என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும், உள்ளே வந்துவிடுகிறேன். சவுரியம்மாளும் கூட வருகிறாள். தனியாக விட்டால் அவன் கோலாருக்குப் போய்விடுவான், கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வருகிறேன் என்கிறாள். வேலூருக்கு இரண்டு டிக்கெட் எடுக்கிறேன். அங்கிருந்து ஆம்பூர் திரும்பவும் இரண்டு டிக்கெட்டுக்குக் காசு அவள் முந்தானையில் முடிந்து கொடுத்திருக்கிறேன். ஒன்று அவளுக்கு, ஒன்று அவனுக்கு.

ஆம்பூர்,
1932-ம் வருஷம் அக்டோபர் மாதம் 13-ந் தேதி.

இதைத் தன் கையால் எழுதியவன்,
கு. இருதயராஜ்

சவுரியம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை
(இவள் முழுவதும் படிக்கக் கேட்டாள்)

இணைப்பு: கிளப்பிலிருந்து வந்த பதில் காகிதம் ஒன்று.